கைமொழியும் துபாசியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருச்சபை வரலாற்றை எழுதினோர் பேசியவர்களைப் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். அருளுரையாளர், திருமறை மொழிபெயர்ப்பாளர், பாமாலை இயற்றியோர் ஆகியோரின் பெயர்கள் நம் பாடநூல்களில் நிறைந்துள்ளன. பேச்சொலி எட்டாத மக்களைப் பற்றியும், அவர்களுக்கும் பிறர்க்கும் இடையே நின்று பொருள் உணர்த்தியோரைப் பற்றியும் நாம் கற்பதும் கற்பிப்பதும் மிகக் குறைவு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவிப்புலன் குறையுடையோர் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர். இவர்கள் மருத்துவமனைக்கும், காவல் நிலையத்திற்கும், நீதிமன்றத்திற்கும், பத்திரப் பதிவு அலுவலகத்திற்கும் செல்லவேண்டியவர்களே. அங்கு இவர்கள் சார்பில் பேசுவோர் யார்? அவ்வாறு பேசும் உரிமை அவர்களுக்கு எவ்வாறு வந்தது? இவ்வினாக்களைத் திருச்சபை வரலாற்றின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேள்வியும் விசுவாசமும்

விசுவாசம் கேள்வியினால் வருகிறது என்னும் பவுலின் கருத்து (ரோமர் 10:17) நெடுங்காலம் கேளாதோருக்கு எதிராகவே பொருள்கொள்ளப்பட்டது. பிறவிச் செவிடு விசுவாசத்திற்கே தடையாகும் என்று புனித அகுஸ்தீன் ஜூலியனுக்கு எதிராக எழுதிய நூலில் குறிப்பிடுகிறார். ஆனால் அதே அகுஸ்தீன், அதற்கு முன் எழுதிய நூல்களில், கேளாதோர் சைகைகளால் உரையாடுவதையும், சைகையால் பொருள் உணர்த்த இயலும் என்பதையும் ஏற்றுக்கொண்டுள்ளார். இவ்விரு கூற்றுகளுள் முன்னதே பிற்காலத்தாரால் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

மார்ட்டின் லூத்தர் 1520-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டைக் குறித்து எழுதியபோது, கேளாதோருக்கும் பேசாதோருக்கும் திருவிருந்தை மறுத்தலாகாது என்று கருதினார். திருவிருந்து காணத்தக்க ஓர் அடையாளம் என்பதை நினைவிற்கொண்டால், இம்முடிவு சீர்திருத்த இறையியலோடு எத்துணை இசைவுடையது என்பது விளங்கும்.

நம் தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்குச் செவியால் அறிதல் என்றும், வினவுதல் என்றும் இரு பொருள் உண்டு. திருக்குறளில் கேள்வி என்றே ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. ஒருவர்க்குச் செவிச்செல்வம் இல்லாமற்போவது உடற்குறை. வினவும் உரிமை இல்லாமற்போவதோ சமுதாயம் இழைக்கும் குறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே கேளாதோர் வரலாற்றின் பெருந்துன்பத்திற்குக் காரணமாயிற்று. 6-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட ஜஸ்டீனியன் சட்டத்தொகுப்பு, பிறவியிலேயே கேளாமலும் பேசாமலும் இருப்போர் மரண சாசனம் எழுத இயலாது என்று விதித்தது. சொல் இல்லாதவர்க்குச் சொத்தின்மீதும் உரிமை இல்லை என்பதே இதன் விளைவு.

மடாலயம் முதல் மிலான் வரை

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுப் பெனடிக்ட் சபைத் துறவி பெத்ரோ போன்செ தெ லெயோன், உயர்குடியில் பிறந்த கேளாத பிள்ளைகளுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்தார். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசு நகரில் அருட்தந்தை தெ லெப்பே, கேளாதோர் தமக்குள் வழங்கிய சைகைகளையே கல்விக்குரிய வாயிலாக ஏற்று ஒரு பள்ளியை நிறுவினார். அமெரிக்காவில் சபைப் போதகரான தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட், பாரிசில் பயின்ற கேளாத ஆசிரியராகிய லொரான் கிளேர் என்பவரை அழைத்துவந்து, 1817-இல் ஹார்ட்பர்டு நகரில் பள்ளி தொடங்கினார். காலடெட்டின் மூத்த மகன் 1852-இல் நியூயார்க்கில் கேளாதோருக்கெனத் தூய அன்னாள் ஆலயத்தை நிறுவினார்.

இவ்வாறு வளர்ந்த சைகைவழிக் கல்விக்கு 1880-இல் பேரிடி விழுந்தது. மிலான் நகரில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு, வாய்மொழி முறையே சிறந்தது, சைகை விலக்கப்படவேண்டும் என்று பெரும்பான்மை வாக்கினால் தீர்மானித்தது. வாக்களித்தோருள் பெரும்பாலோர் செவி கேட்பவர்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு இத்தீர்மானத்தைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் பற்பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் கட்டுண்டிருந்தன.

பாளையங்கோட்டையின் பங்கு

இந்தியாவில் கேளாதோர் கல்வி மிலான் மாநாட்டின் நிழலிலேயே தொடங்கிற்று. பம்பாயில் ரோமன் கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின் முயற்சியால் 1885-இல் ஒரு பள்ளியும், கல்கத்தாவில் 1893-இல் மற்றொரு பள்ளியும் எழுந்தன. தென்னாட்டில் இப்பணிக்கு வித்திட்டவர், இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனைச் சேர்ந்த புளோரன்ஸ் சுவேன்சன் அம்மையார். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் கேளாத பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளியைத் தொடங்கினார். சைகையும் விரலெழுத்தும் அங்குக் கற்பித்தலில் இடம்பெற்றிருந்தன. மேலை நாடுகள் சைகையைத் துரத்திய காலத்தில் பொருநைக்கரையில் அது பயன்பட்டது நம் திருச்சபைக்குப் பெருமையே. அதே மிஷனைச் சேர்ந்த மேரி சாப்மன் அம்மையார் 1912-இல் இலங்கையில் கேளாதோர்க்கும் பார்வையற்றோர்க்குமான பள்ளியை நிறுவினார்.

எனினும் ஒன்றை நாம் மறைத்தலாகாது. பள்ளிகள் எழுந்தன, பள்ளியை விட்டு வெளியேறிய ஆண்மகனும் பெண்மகளும் ஊரில் எவர்வழியாகப் பேசுவர் என்னும் வினாவுக்கு விடை தேடப்படவில்லை. பெற்ற தாய், உடன்பிறந்தார், பள்ளி ஆசிரியர், ஊர்ப் போதகர் என எவர் கிடைத்தாரோ அவரே இடைநின்றார். கல்வியைத் திட்டமிட்ட திருச்சபை, துபாசிப் பணியை இரக்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது.

துபாசியின் வல்லமை

இரு மொழியாளரிடையே நிற்பவனுக்கு எத்துணை வல்லமை உண்டென்பதைத் தமிழ்நாடு நன்கறியும். யோசேப்பும் அவன் சகோதரரும் துபாசி வழியாகவே உரையாடினர் என்று ஆதியாகமம் கூறும் (42:23). சகோதரர் பேசுவது யோசேப்புக்கு விளங்காது என்று அவர்கள் எண்ணினர். உண்மையிலோ அனைத்தும் அவனுக்கு விளங்கிற்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், முன்பு டேனியக் குழுமத்தின் துபாசியாயிருந்த அழகப்பன் என்பவரின் துணையை நாடினார். புதுச்சேரியில் தலைமைத் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போர், மொழிபெயர்ப்பவன் அரசியலிலும் வாணிகத்திலும் எவ்வாறு ஒரு தரப்பினனாகவே மாறுகிறான் என்பதைக் காண்பர். ஆயினும் வாய்மொழித் துபாசியின் பிழையை என்றேனும் ஒருவர் கண்டுபிடிக்கக்கூடும். கேளாதவர் முன்னே தவறாக உரைக்கப்பட்ட சொல்லையோ அவர் அறியவே வழியில்லை.

சட்டமும் இதனை மெல்லவே உணர்ந்தது. இலண்டனிலுள்ள ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் ஏடுகளில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கேளாதோர் வழக்குகளில் சைகை விளக்குவோர் காணப்படுகின்றனர். இந்தியாவில் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 119-ஆம் பிரிவில், பேச இயலாதவர் எழுத்தாலோ சைகையாலோ சாட்சி கூறலாம் என்றும், சைகை திறந்த நீதிமன்றத்தில் செய்யப்படவேண்டும் என்றும், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்றும் வகுத்தது. அக்காலத்திற்கு இது பெரும் முன்னேற்றமே. ஆனால் அச்சைகையைப் படித்துச் சொல்பவர் எவர் என்பதைப் பற்றி அப்பிரிவு ஒன்றும் கூறவில்லை. நீதிமன்றமே மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் ஒருவரின் துணையைப் பெறவேண்டும், சாட்சியம் ஒளிப்பதிவு செய்யப்படவேண்டும் என்னும் விதி 2013-இல்தான் சேர்க்கப்பட்டது. இதற்கு 141 ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய சாட்சியச் சட்டமும் இவ்விதியைத் தொடர்கிறது. 2012-இல் இராஜஸ்தான் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சைகையை விளக்குபவர் உறுதிமொழி ஏற்கவேண்டும், அவ்வழக்கில் பற்றுடையவராய் இருத்தல் கூடாது என்று கூறியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

தொழிலாக மலர்ந்த பணி

இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டு முதல் கேளாதோர் மிஷனரிகள் என்போர் இருந்தனர். ஞாயிறன்று அருளுரை ஆற்றுவோரும் அவரே. வாரநாளில் வேலை தேடித் தருவோரும், மருத்துவரிடமும் நீதிபதியிடமும் பொருள் கூறுவோரும் அவரே. அவர்தம் தன்னலமற்ற உழைப்பை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் ஒருவரே ஆயராகவும் அலுவலராகவும் நாவாகவும் இருந்தமையால், கேளாதவர் தம் வாழ்வின் எந்த அறையையும் அவரிடமிருந்து மூடிவைக்க இயலவில்லை. அவரைப் பற்றியே ஒரு குறை கூறவேண்டியிருந்தால் அதனையும் அவர்வழியாகவே கூறவேண்டியிருந்தது!

1964-இல் அமெரிக்காவின் மன்சி நகரில் கூடியோர் சைகைமொழிபெயர்ப்பாளர் பதிவகத்தை அமைத்தனர். அதுகாறும் இப்பணியைச் செய்துவந்தோர் பெரும்பாலும் கேளாத பெற்றோரின் பிள்ளைகளும், ஆசிரியரும், போதகருமே. பயிற்சி, தகுதித் தேர்வு, இரகசியம் காத்தல், ஒரு பக்கமும் சாயாமை ஆகியவை இதன்பின் நெறிகளாயின. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கோ அமெரிக்கச் சைகைமொழிக்கு முறையான அமைப்பு உண்டென்று நிறுவியதும் இதற்குத் துணைநின்றது.

இந்தியச் சைகைமொழியும் அவ்வாறே தனி இலக்கணம் உடையது. தமிழையோ இந்தியையோ கைகளால் எழுதிக்காட்டுவதன்று. அதில் வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆம், இல்லை என்னும் விடை வேண்டும் வினாவைப் புருவ உயர்வும் தலையின் முன்சாய்வும் உணர்த்தும். கையை மட்டும் பார்த்து முகத்தைப் பாராதவர், "நீ கையெழுத்திட்டாயா?" என்பதை "நீ கையெழுத்திட்டாய்" என்று மாற்றிவிடக்கூடும். காவல் நிலையத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, பொதுவிடங்களில் தொழில்முறைச் சைகைமொழிபெயர்ப்பாளரின் உதவியைக் குறிப்பிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை ஒட்டியே எழுந்தது. 2015-இல் ஒப்புதல் பெற்ற இந்தியச் சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் புதுதில்லியில் அமைந்தது. அது 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் கேளாத வழக்கறிஞர் ஒருவர் சைகைமொழிபெயர்ப்பாளர் துணையோடு வழக்கில் முன்னின்றார்.

பள்ளிபாளையத்திலிருந்து காணின்

இவ்வளவும் தில்லியில் நிகழ்ந்தவை. காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே அமைந்த பள்ளிபாளையத்திலிருந்து நோக்கினால் இவற்றின் பொருள் யாது? இவ்வூர் விசைத்தறிக்குப் பேர்போனது. தறிகள் ஓடும் பட்டறையில் செவியுள்ளோரும் கையாலும் கண்ணாலும் உதட்டசைவாலுமே பேசிக்கொள்ள வேண்டியுள்ளது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் பணிசெய்த பெண்களும் இவ்வாறே உதட்டசைவைப் பெரிதாக்கிப் பேசப் பழகினர். இதனால் ஒரு தவறான எண்ணம் எளிதில் தோன்றும். பட்டறையில் கைகாட்டத் தெரிந்த எவரும் கேளாதவருக்குத் துபாசியாகலாம் என்பதே அது. இழை அறுந்ததையும் நாடா நின்றதையும் கைகாட்டி உணர்த்தலாம்; கடன் பத்திரத்தின் நிபந்தனையை அவ்வாறு உணர்த்தல் இயலாது.

கேளாத தறித்தொழிலாளி ஒருவரை நாம் எண்ணிப் பார்ப்போம். பட்டறையில் அவர் முன்பணம் பெற்றிருக்கிறார். கணக்கில் வேறுபாடு எழுகிறது. வழக்கு அலுவலர் முன்னே வருகிறது. அவருடைய சைகையை விளக்க முன்வருபவர் பட்டறைக்காரரின் ஆள். அல்லது அப்பணத்தைச் செலவிட்ட உறவினர். இருவரும் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் இருவரும் பற்றுடையோரே. பாலத்தைக் கடந்தால் ஈரோடு. ஆனால் 1997 முதல் இவ்வூருக்கு மாவட்டத் தலைநகர் நாமக்கல். அங்கு மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு செல்பவர், ஒரு நாள் கூலியை இழந்தே செல்கிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லையெனில் அக்கூலியும் வீண், மனுவும் வீண். பள்ளி காணாத கேளாதோர் சிலர் வீட்டிற்குள் வழங்கும் சைகைகளை மட்டுமே அறிவர். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரோடு, அனுபவமுள்ள கேளாதவர் ஒருவரும் இடைநிற்க வேண்டியிருக்கும்.

திருச்சபைக்குரிய கடமை

வரலாறு நமக்குக் கற்பிப்பவை சிலவற்றைக் கூறி முடிப்போம். முதலாவதாக, போதகர் தமக்குப் பற்றோ அதிகாரமோ உள்ள செய்தியில் துபாசியாதல் தகாது. சபைச் சொத்து, குடும்ப வழக்கு, திருமணப் பிணக்கு ஆகியவற்றில் கேளாதவர் தாமே தெரிந்துகொள்ளும் ஒருவரை நாடச் செய்வதே முறை. இரண்டாவதாக, அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது உரிமை என்பதைப் போதகர் அறிந்து, அதனைக் கேட்பதற்கு உடன்செல்லவேண்டும். உடன்செல்வது வேறு, ஒருவர்க்காகப் பேசிவிடுவது வேறு. மூன்றாவதாக, இறையியல் மாணவர் சிலரேனும் சைகைமொழியைக் கேளாதோரிடமிருந்தே கற்கவேண்டும். ஒலிபெருக்கிக்குச் செலவிடத் தயங்காத சபைகள், மொழிபெயர்ப்பாளருக்குரிய ஊதியத்தையும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கலாம். அந்நிய பாஷை பேசப்படுமிடத்தில் பொருள் உரைப்போன் வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு விதித்தாரன்றோ (1 கொரி. 14:27-28)?

எப்பத்தா என்னும் அற்புதத்தை (மாற்கு 7:31-37) நாம் பலகால் அருளுரையில் எடுத்தாளுகிறோம். ஆண்டவர் அம்மனிதனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார்; அவன் செவியையும் நாவையும் தொட்டார்; வானத்தை நோக்கிப் பெருமூச்செறிந்தார். அவன் காணவும் உணரவும் தக்க செயல்களே முதலில் வந்தன. சொல் அதன்பின்னரே வந்தது. கூட்டத்தார் அவனுக்காக வேண்டிக்கொண்டனர். ஆண்டவரோ அவனோடேயே உறவாடினார்.

சகரியாவின் வரலாறும் இவ்வாறே (லூக்கா 1:57-64). பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே இடுவதென்று உறவினர் தாமே முடிவு செய்தனர். எலிசபெத்து மறுத்தபோதும் அவர்கள் ஏற்கவில்லை. பின்னர்த்தான் தந்தையை நோக்கிச் சைகை காட்டி வினவினர். அவர் எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கித் தம் முடிவை எழுதினார், அதுவே நிலைபெற்றது. நன்மை நாடும் உறவினரும் ஒருவருடைய கருத்தைத் தவறாகவே உரைக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கேளாதவரிடம் வினவுதலும், அவர் விடையை அவர் மொழியிலேயே பெற்று மாற்றாமல் உரைத்தலும் துபாசியின் கடமை. அத்தகையோரை ஆயத்தம் செய்தல், பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கிய திருச்சபை இன்னும் முடிக்காத பணியாகும்.