கோடைக்கானலில் தேடிய சூரியச் சுழல்



சூரியனில் சூறாவளி சுழல்வதாக ஒரு வீடியோ நம் குடும்பக் குழுவில் வந்தது. "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிப்பு" என்று யாரோ கீழே எழுதியிருந்தீர்கள். இந்தக் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம பழங்காநத்தத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடும் ஊரில் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. 1899-ல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைய அதுவும் ஒரு காரணம். 1907-ல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் அங்கே பணியில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல், கரும்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதை நிரூபித்தார். புள்ளிகளைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு சுழிபோல் வளைந்திருப்பதையும் அவர் படம் பிடித்திருந்தார். ஆகவே கரும்புள்ளி என்பதே ஒரு மாபெரும் சூறாவளிதான் என்ற எண்ணம் பரவியது.

சூறாவளி என்றால் அதன் வேகத்தை அளக்கலாம் அல்லவா? நம்மை நோக்கி வரும் ரயிலின் ஹாரன் கீச்சென்றும், விலகிப் போகும்போது கனத்தும் கேட்கும். ஒளியும் அப்படித்தான். நெருங்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு நீலப் பக்கமும், விலகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கமும் நகரும். 1909 ஜனவரியில் எவர்ஷெட் அப்படி அளந்து பார்த்தார். வாயு புள்ளியைச் சுற்றி ஓடவில்லை. நடுவிலிருந்து வெளிப்புறமாக, விநாடிக்குச் சுமார் 2 கி.மீ. வேகத்தில் பாய்ந்தது! ஊரெல்லாம் சுழல் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தன் கருவி காட்டியதை அவர் அப்படியே எழுதி வைத்தார். இன்றும் உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கிறது.

அவர் மனைவி மேரியும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து செய்த பெரிய ஆய்வு 1917-ல் வெளிவந்தது. அந்த அம்மையாரின் பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் சுழலே கிடையாதா? உண்டு, ஆனால் தேடிய இடம் வேறு. தொட்டித் தண்ணீர் ஓட்டை வழியே இறங்கும்போது சுழல்வதுபோல, சூரியப் பரப்பில் குளிர்ந்த வாயு கீழிறங்கும் இடங்களில் சிறுசிறு சுழிகள் உருவாகின்றன. அவை காந்தப்புலத்தை முறுக்க, மேலே உள்ள வாயுவும் சேர்ந்து சுழல்கிறது. லா பால்மா தீவிலுள்ள ஸ்வீடன் நாட்டுத் தொலைநோக்கியும் விண்கலமும் எடுத்த படங்களைக் கொண்டு, 2012-ல் விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள். எந்த நேரத்திலும் சூரியனில் சுமார் 11,000 சுழல்கள் இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. சூரியப் பரப்பு சுமார் 5,500 டிகிரிதான்; அதற்கு மேலே உள்ள கொரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கும் அதிகம். அந்தச் சூட்டுக்கான ஆற்றலில் ஒரு பங்கு இந்தச் சுழல்கள் வழியே மேலே போகலாம் என்கிறார்கள்.

கோடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன. அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியையும் உருவாக்கியது.

அடுத்த முறை பிள்ளைகளோடு கோடைக்கானல் போனால், ஏரியில் படகு விட்டதோடு திரும்பிவிடாதீர்கள். ஆய்வகம் இருக்கும் மேட்டுக்கும் கூட்டிப் போய், எவர்ஷெட் தம்பதியின் கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
பழங்காநத்தம்.