சிறுநீர்ப்பையில் ஓர் உடும்புப்பிடி

ஈ.கோலை என்ற கிருமியின் பூர்வீகம் நம் பெருங்குடல். 1885-இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்ததால், அவர் பெயரைச் சுமந்து ஈ.கோலை ஆனது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. வெளியேறிச் சிறுநீர்த் துவாரத்தை எட்டினால்தான் வினை. பெண்ணுக்கு அங்கிருந்து சிறுநீர்ப்பை சுமார் 4 சென்டிமீட்டர். ஆணுக்கு ஏறக்குறைய 20.

குடல்வாழ் கிருமிகளில் ஈ.கோலை சிறுபான்மைதான். ஆனாலும் சாதாரண சிறுநீர்த்தொற்றுகளில் முக்கால் பங்குக்கு அதுவே காரணம். எல்லா ஈ.கோலையும் அல்ல, பிடிமானம் உள்ள சில வகைகள். அவற்றின் மேல் நுண்ணிழைகள் உண்டு. இழை நுனியிலுள்ள ஃபிம்ஹெச் புரதம் சிறுநீர்ப்பைச் சுவரின் மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். சிறுநீர் பாய்ந்து இழுக்க இழுக்கப் பிடி இறுகும்! உடும்பைப் பிய்த்தெடுப்பது போலத்தான். பிறகு செல்லுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகப் பெருகும். மருந்து எளிதில் எட்டாத இடம் அது. சிறுநீரில் அரிதான இரும்பைக்கூடத் தேடிப் பறிக்கும் மூலக்கூறுகளும் அவற்றிடம் உண்டு.

ஒட்டாமல் மிதப்பவற்றை வெளியேற்ற உடம்புக்கு உள்ள எளிய வழி, நீர் பிரிவதுதான். ஓசூர் சிப்காட்டிலும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் லைனில் நிற்கும் இளம்பெண்களை நினைக்கும்போது மனம் பதறுவது இதனால்தான். கம்பெனி பஸ்ஸில் நெடுந்தூரம் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது, பிரேக் வரும்வரை அடக்குவது எல்லாமே கிருமிக்குக் கிடைக்கும் அவகாசம். கடுத்தால் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று இளநீர் குடிப்பார்கள். நல்லதுதான், அதுவும் நீர்தானே. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் பல்கேரியாவில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2.

ஆலையில் இருக்கும் எந்நேரமும் தொழிலாளி கழிப்பறைக்குப் போக வழி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவே சொன்னது. லைனை விட்டுப் போகிறவளின் இடத்தில் நிற்க மாற்றாள் இல்லாவிட்டால் கழிப்பறை கட்டி என்ன பயன்?

சில ஈ.கோலை வகைகள் சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை. பி-இழை என்னும் வேறொரு கொக்கி சிறுநீரகச் செல்களைப் பற்ற உதவுகிறது. நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி என்றால் கிருமி அங்கே ஏறியிருக்கலாம். அப்போது மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகக் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, ஆன்டிபயாடிக் தொடங்குமுன் யூரின் கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும்.