கணக்கைக் கேட்கும் உரிமை

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் உள்ள கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை வழியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன என்பதை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அவ்விதிகளுள் ஒன்று இன்றைய பேச்சுக்குத் தோற்றுவாயாக அமையத்தக்கது. முன்பு வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதிருந்தவர், மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார். அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினரும் இழந்தனர். பொதுப்பணத்தைக் கையாண்டவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் எண்ணம் இந்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று.

ஆயினும், இப்பெருமையோடு நின்றுவிடுவது முறையாகாது. அந்தச் சபை பிராமணர் குடியிருப்பான ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோருக்கே அதன் வாரியங்களில் இடம் இருந்தது. அவர்களது நிலத்தை உழுதவனுக்கும் ஏரியில் மண் வெட்டிய கூலியாளுக்கும் அங்கே இடமில்லை. கணக்குக் காட்டவேண்டும் என்று விதி எழுதுவது ஒன்று. அதை யார் கேட்கலாம், மறுத்தவர் என்ன விளைவை ஏற்பர் என்பது வேறொன்று. நம் காலத்தில் இந்திய மாநிலங்கள் இயற்றிய தகவல் உரிமைச் சட்டங்களின் வரலாறு, இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தேடிய வரலாறே ஆகும்.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வழக்கம் இதற்கு நேர்மாறானது. 1889இல் ஒரு முறையும், 1923இல் மேலும் விரிவாகவும் அவர்கள் இயற்றிய அரசு இரகசியங்கள் சட்டம், அரசாங்கத்தின் காகிதங்களை மக்களின் கண்ணுக்கு எட்டாத பொருளாக்கியது. ஒற்றர்களைத் தடுப்பதற்கென எழுந்த அச்சட்டத்தின் நிழல், நாளடைவில் கிராமத்துக் குமாஸ்தாவின் மேசை வரையிலும் படர்ந்தது. சுதந்திரம் வந்தபின்னும் அது நீங்கவில்லை. 1975இல் ராஜ் நாராயண் வழக்கிலும், 1981இல் எஸ். பி. குப்தா வழக்கிலும், அரசின் செயல்களை அறிவது குடிமக்களின் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. ஆனால் ஓர் ஏழைக் குடிமகன் அத்தீர்ப்பைக் கையில் ஏந்திச் சென்று, இன்ன பதிவேட்டைக் காட்டுக என்று கேட்பதற்கு ஓர் அலுவலக வாயிலும் திறந்திருக்கவில்லை.

அந்த வாயிலைத் தட்டியவர்கள் ராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்கள். ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டிய வறண்ட பகுதிகளில், மழை பொய்த்த காலங்களில் சாலை போடுதல், குளம் வெட்டுதல் முதலிய பணிகளை அரசாங்கம் நடத்துவது வழக்கம். அவற்றில் உழைத்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், “நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது” என்னும் விடையே வந்தது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க இரகசியம் என்றார்கள். ஆக, உழைத்தவனின் சொல்லுக்கு எதிராக அவன் காணமுடியாத ஒரு காகிதம் சாட்சி நின்றது.

இத்தொழிலாளரும் சிறு உழவரும் சேர்ந்து 1990ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் முன்னோடிகளுள் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே அதைத் துறந்து ராஜஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்றவர். நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அவருடன் நின்றனர்.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் அவர்கள் ஒரு புதுமையைச் செய்தனர். எவ்வாறோ கிடைத்த ஊராட்சிக் கணக்குகளை ஊர் மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தனர். மக்கள் மன்ற விசாரணை எனத்தக்க இந்நிகழ்ச்சி அடுத்தடுத்துப் பிற ஊர்களிலும் நடைபெற்றது. கூலி வாங்கியோர் பட்டியலில் இறந்தவர்களின் பெயர்கள் இருந்தன. ஊரைவிட்டு வெளியூர் பிழைக்கச் சென்று பல காலம் ஆனவர்களின் பெயர்களும் இருந்தன. முடிந்துவிட்டதாகக் கணக்கெழுதப்பட்ட பணிகள் முடியாமலே கிடந்தன. பிழைப்பிற்காக ஊர் நீங்கிய நமக்கு இச்செய்தி தனியே உறைக்கவேண்டும். எங்கோ ஒரு நகரத்தில் ஒருவன் வியர்வை சிந்திக்கொண்டிருக்க, அவனது பெயர் சொந்த ஊரில் கூலி பெற்றதாகக் கைந்நாட்டு இட்டுக்கொண்டிருந்தது!

1995 ஏப்ரலில், வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களுக்கு நகல் தரப்படும் என்று அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் நகல் எதுவும் வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாட்கள் நீடித்தது. நகரத்து எளிய மக்கள் காய்கறியும் தானியமும் கொடுத்து அதைத் தாங்கினர். எழுத்தறியாத பெண்கள் இதில் முன்னணியில் நின்றது குறிப்பிடத்தக்கது. இவ்வியக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியிடம், இக்கணக்கெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று வினவியபோது, பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் மகனிடம் கணக்குக் கேட்கிறேனே, என் பெயரால் கோடிக்கணக்கில் செலவிடும் அரசாங்கத்திடம் கேட்கலாகாதா என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். சட்ட நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

1997இல் ஜெய்ப்பூரில் மற்றுமொரு தர்ணா ஐம்பத்துமூன்று நாட்கள் நடைபெற்றது. அதன் முடிவில் வெளிப்பட்ட செய்தி விந்தையானது. ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையை வழங்கும் அரசிதழ் அறிவிக்கை ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டதாம்! இரகசியத்தை ஒழிக்கும் ஆணையே இரகசியமாக இருந்துவிட்டது. கேட்போர் விழித்திராவிடில் எழுதப்பட்ட உரிமையும் உறங்கும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதே 1997ஆம் ஆண்டில்தான் தமிழ்நாடு, இந்திய மாநிலங்கள் அனைத்திற்கும் முன்பாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. மு. கருணாநிதி அப்போது முதலமைச்சர். முதலடி எடுத்துவைத்தது தமிழகம் என்பதில் ஐயமில்லை. அந்தச் சிறப்பை யாரும் மறுக்கவும் இயலாது. ஆனால் அச்சட்டத்தைப் படித்துப் பார்ப்போர் உள்ளம் முழு நிறைவு அடையாது. உண்மையான தேவை உடையவரே தகவல் கேட்கலாம் என்றது அது. அத்தேவையை எடைபோடுபவரோ காகிதத்தை வைத்திருக்கும் அதிகாரியே. தரவேண்டாத தகவல்களின் பட்டியல் நீண்டிருந்தது. மறுப்பை எதிர்த்து முறையிடுவதும் அரசிடமே. தாமதித்தவருக்கோ மறைத்தவருக்கோ தண்டம் இல்லை. சட்டமன்றத்தில் பிறந்த இச்சட்டத்தின் பின்னே, பியாவரில் இருந்ததைப் போன்று தெருவில் அமர்ந்து கேட்ட கூட்டம் இல்லை. கேட்பாரின்றி அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

பிற மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. கோவாவும் 1997இலேயே சட்டம் செய்தது. ராஜஸ்தானம், இத்தனை போராட்டத்திற்குப் பின், 2000இல் சட்டம் இயற்றி 2001 ஜனவரி 26 முதல் நடைமுறைப்படுத்தியது. போராடியவர்கள் கேட்டவை அனைத்தும் அதில் இடம்பெறவில்லை. கர்நாடகம் 2000இலும், தில்லி 2001இலும் சட்டம் கண்டன. தில்லிச் சட்டம், மறுக்கப்பட்டவரின் முறையீட்டைக் கேட்கும் பொறுப்பைத் துறைக்கு வெளியே இருந்த பொதுக் குறைதீர் ஆணையத்திடம் ஒப்படைத்தது. மகாராஷ்டிரம் 2000இல் செய்த சட்டம் வலுவற்றது எனக் கண்டு, அன்னா ஹசாரே முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின் அதை நீக்கி, கடமை தவறும் அதிகாரிக்குத் தண்டம் விதிக்கும் புதிய சட்டத்தைக் கொணர்ந்தது. அசாமும் மத்தியப் பிரதேசமும் ஜம்மு காஷ்மீரும் பின்னர் இவ்வரிசையில் சேர்ந்தன.

இவற்றை ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஒரு மாநிலத்தின் குறையை மற்றொரு மாநிலம் பார்த்துத் திருத்திக்கொண்டது. எனினும் மாநில எல்லையைத் தாண்டியவரின் உரிமை எல்லைக்கு எல்லை மாறுபட்டது. மும்பையில் வாழும் தமிழருக்கு ஓர் அளவு உரிமை, பெங்களூரில் வாழ்பவருக்கு மற்றோர் அளவு, சட்டமே இல்லாத மாநிலத்தில் வாழ்பவருக்கு ஒன்றுமில்லை. இரயில்வே, அஞ்சல் போன்ற மத்திய அரசின் அலுவலகங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தவும் இயலாது. 2002இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டமோ நடைமுறைக்கு வராமலே மறைந்தது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இக்குறைகளைப் பெரிதும் போக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. யார் கேட்கலாம் என்னும் முதல் வினாவிற்கு, குடிமக்கள் எவரும் கேட்கலாம், காரணம் கூறத் தேவையில்லை என்பது அதன் விடை. மறுத்தால் என்ன என்னும் இரண்டாம் வினாவிற்கும் விடை உண்டு. முப்பது நாட்களுக்குள் தகவல் தரவேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்த அதிகாரியே தண்டம் செலுத்த நேரிடும். முறையீட்டைக் கேட்கத் தகவல் ஆணையங்கள் அமைந்தன.

எழுதிய சட்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 2019இல் வந்த திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தகவல்கள் பற்றிய பிரிவைத் திருத்தி, முன்பு அதில் இருந்த பொதுநல விலக்கை அப்பிரிவிலிருந்து நீக்கியது. கூலிப் பட்டியலில் உள்ள பெயரும் தனிநபர் தகவல்தானே என்று ஓர் அதிகாரி சொல்லத் தொடங்கினால், கோட்கிரானாவில் படிக்கப்பட்ட பட்டியலை இனி யார் படிக்கமுடியும் என்னும் கவலை எழுந்திருக்கிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு இரண்டு பயன்களைத் தருகிறது. சொந்த ஊரில் வெட்டியதாகச் சொல்லப்படும் குளத்தின் கணக்கை, அகமதாபாத்தில் இருந்துகொண்டே தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி ஊராட்சியிடம் கேட்கலாம். வாழும் ஊரின் நியாயவிலைக் கடையைப் பற்றியோ நகராட்சியைப் பற்றியோ அப்பகுதியின் ஆட்சி மொழியிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ கேட்கலாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் அமைக்க உதவுவது அந்த அலுவலரின் கடமை. முதற்சட்டம் நம்முடையது என்று மகிழ்வதில் தவறில்லை. அம்மகிழ்ச்சியோடு, அடுத்த முறை ஊருக்குக் கடிதம் எழுதும்போது, நம் பெயர் அங்கே எந்தப் பட்டியலிலாவது வேலை செய்துகொண்டிருக்கிறதா என்பதையும் கேட்டறிவோமாக.