ஆவுளியாவும் திமிங்கலமும்: வேட்டை எப்போது நிற்கிறது?

ராஜபாளையம் என்றதும் பலருக்கு நாய்தான் ஞாபகம் வரும். 2005-ல் தபால் தலையில்கூட வந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர் போன இனம். இன்று வீட்டுக் காவல் பார்க்கிறது. பக்கத்து மலைக்காடு 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. காட்டில் சட்டம், காவல், மாற்று வேலை எல்லாம் சேர்ந்து வேட்டையை ஒடுக்கின. கடலில் அப்படி நடந்ததா என்று தேடப்போய்தான் இந்தக் குறிப்பு.

கடல் வேட்டை என்றால் எல்லோரும் கைகாட்டுவது ஜப்பானை. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் அங்கே திமிங்கலக் கறிதான் பள்ளி மதிய உணவு வரை போனது. 1982-ல் சர்வதேச திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்தது. 1987-ல் ஜப்பான் 'ஆராய்ச்சி' என்று பேர் வைத்து அண்டார்டிக் கடலுக்குக் கிளம்பியது. கறி என்னவோ சந்தைக்குத்தான் வந்தது. ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில், இதை அறிவியல் ஆராய்ச்சி என்று ஏற்க முடியாது என 2014-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் ஜப்பான் ஆணையத்தை விட்டே வெளியேறி, தன் கடலில் வணிக வேட்டையைத் தொடங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்று அங்கே திமிங்கலக் கறி தின்பவர்களே குறைவு. பசி போய்விட்டது. 'என் கடலில் நான் எதைப் பிடிப்பது என்று நீ யார் சொல்ல' என்கிற ரோஷம் மட்டும் போகவில்லை.

திட்டுவது சுலபம். நம் ராமநாதபுரம் கரைக்கு வாருங்கள்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆவுளியா என்றொரு பிராணி உண்டு. கடல் பசு என்றும் சொல்வார்கள். 300, 400 கிலோ எடை. கடல்புல் மட்டுமே தின்னும் சாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அதன் கறிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்மூர் சாம்பல் அணிலுக்கும் ஆவுளியாவுக்கும் பாதுகாப்பு தந்தது. ஆனால் மலையடிவாரத்தில் வனக்காவலரை நிறுத்தலாம். கடலில் எங்கே நிறுத்துவது? சட்டம் வந்த பிறகும் கறி ரகசியமாகக் கைமாறிக்கொண்டுதான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். பெண் ஆவுளியா 13 மாதம் போலச் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருஷம் ஆகும். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் கூட்டம் வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது. இந்தியா முழுக்க இருப்பதே 200 சொச்சம் என்கிறார்கள். அதாவது வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு செத்தாலே இறங்குமுகம்தான். இதன் உறவினமான ஸ்டெல்லர் கடல் பசு 1741-ல் அறிவியலுக்குத் தெரியவந்தது. 1768-க்குள் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். மொத்தம் 27 வருஷம்!

இன்னொரு பொருத்தம். ஜப்பானும் அதே 1972-ல்தான் ஓகினாவா ஆவுளியாவை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. திமிங்கலத்துக்கு ஈட்டி, ஆவுளியாவுக்குப் பட்டயம்! ஆனால் பட்டயம் காப்பாற்றவில்லை. அங்கே இப்போது அதைப் பார்ப்பதே அபூர்வம்.

காரணம், இன்று ஆவுளியாவைக் கொல்ல ஈட்டி தேவையில்லை. மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி அது. வேறு மீனுக்குப் போட்ட வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கடல்புல் தரை அழிந்தால் தீனி இல்லை. உலகம் ஈட்டியைப் பற்றிச் சண்டை போடுகிறது. வலையைப் பற்றிப் பேச ஆளில்லை.

2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. எனக்கு அறிவிப்பைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. வலையை அறுத்தால் நஷ்டம் மீனவர் வீட்டுக்கு. அந்த நஷ்டத்தை ஊர் கூடி ஏற்றுக்கொண்டால்தான் வலை அறுபடும். ஜப்பான் அரசு வேட்டைத் தொழிலைத் தாங்க மானியம் கொடுக்கிறது. நாம் அந்த மாதிரிக் காசை வேட்டையை விட்டவருக்கும் வலையை அறுத்தவருக்கும் கொடுப்போமா என்பதுதான் கேள்வி.