ஜாகோ பஸ்தோரியஸ்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஜாஸ் இசையில் ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ வாசிப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியும். பின்னால் நின்று அடிஸ்வரம் பிடிப்பவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. இலாகாவில் கோப்பு எழுதுபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பழகிய எனக்கு, அந்தப் பின்வரிசைக்காரர்கள் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் வாத்தியத்தின் கதை. பழைய ஜாஸ் குழுக்களில் அடிஸ்வரத்துக்கு ஆள் உயர டபுள் பாஸ் இருந்தது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அதைக் 'கோந்த்ரபாஸ்' என்று படித்தோம். வயலின் குடும்பத்தின் பெரியண்ணன். தூக்கிப்போவது கஷ்டம், கூட்டத்தில் அதன் சத்தமும் அமுங்கிவிடும். 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர், கிதார் போல் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பாஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்கு இருப்பதுபோல அதற்கும் மெட்டுகள் உண்டு. விரலை வைத்தால் ஸ்வரம் பிசகாது. ராக் இசைக்காரர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஜாஸ் உலகில் பலர் அதை இரண்டாந்தரமாகவே பார்த்தார்கள்.

அதே 1951 டிசம்பர் 1 அன்று பென்சில்வேனியாவில் பிறந்தவர் ஜாகோ பஸ்தோரியஸ். வளர்ந்தது ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தில். தகப்பனார் பாடகர், டிரம்ஸ் வாசிப்பவர். மகனும் டிரம்ஸில்தான் ஆரம்பித்தார். 13 வயதில் அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது மணிக்கட்டு முறிந்தது. கை பழைய வலுவுக்கு வரவில்லை. டிரம்ஸை விட்டு பாஸுக்கு வந்தார். அவர் வாசிப்பில் தாளம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அவர் கையில் இருந்தது 1962-ம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பாஸ். மெட்டுகள் எல்லாம் பிடுங்கப்பட்டு, அந்தப் பள்ளங்கள் மரப்பசையால் அடைக்கப்பட்டிருந்தன. உலோகச் சுற்றுத் தந்தி மரத்தைத் தின்றுவிடாமல் இருக்க, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை அதன்மேல் பூசினார். மெட்டு இல்லாத மின்சார பாஸ் அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் அதைப் பாட வைத்தவர் இவர். வயலினில் விரல் வழுக்கி ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறதே, அந்தக் குழைவு அடிஸ்வர வாத்தியத்துக்கும் வந்துவிட்டது.

இனி, எதைக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் 1976-ல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டைக் கையில் கொடுப்பார்கள். அதன் முதல் உருப்படி 'டோனா லீ'. சார்லி பார்க்கர் 1947-ல் சாக்ஸபோனில் பதிவு செய்த வேகமான ஜாஸ் ராகம். ஜாகோ அதைப் பாஸில், காங்கா மேளம் மட்டும் துணையிருக்க வாசிக்கிறார். அதிசயம்தான். ஆனால் புதிதாக வருபவருக்கு அது வித்தை காட்டுவதுபோல் படலாம். வேகத்தில் மனிதர் தெரியமாட்டார்.

அதனால் நான் சொல்வது வேறு வரிசை. வெதர் ரிப்போர்ட் குழுவின் 1977-ம் வருஷ இசைத்தட்டு 'ஹெவி வெதர்'. அதில் 'எ ரிமார்க் யூ மேட்' என்ற விளம்ப உருப்படியை முதலில் கேளுங்கள். ஜோ ஸாவினுல் எழுதியது. வேன் ஷார்ட்டரின் சாக்ஸபோனும் ஜாகோவின் பாஸும் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் மாறி மாறி வரும். பிறகு அதே தட்டில் 'பேர்ட்லேண்ட்'. தொடக்கத்தில் உச்சத்தில் ஒலிக்கும் மெட்டை கிதார் என்று நினைப்பீர்கள். அதுவும் பாஸ்தான்.

அடுத்தது ஜோனி மிட்செல் 1976-ல் பாடிய 'ஹெஜிரா'. அந்தத் தட்டில் நான்கு பாட்டுகளுக்கு ஜாகோ வாசித்திருக்கிறார். முதல் பாட்டு 'கயோட்டி' போதும். பாடகியின் வரி முடியும் இடத்தில் பாஸ் எழும், அவர் தொடங்கும்போது அடங்கும். நம் கச்சேரியில் நல்ல பக்கவாத்தியக்காரர் செய்வதும் இதுதானே.

அதற்குப் பிறகு முதல் தட்டுக்கு வாருங்கள். 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி' என்பது மனைவியின் பெயரில் செய்த தனி வாசிப்பு. தந்தியை அழுத்தாமல் சில இடங்களில் விரல் நுனியால் தொட்டு மீட்டினால் மணி போன்ற மெல்லொலி எழும். ஏறக்குறைய அந்த ஒலிகளைக் கொண்டே முழுப் பாட்டையும் கட்டியிருக்கிறார். 'டோனா லீ'யை இப்போது கேட்டால் வேகத்துக்குள் இருக்கும் பாட்டும் பிடிபடும். கடைசியாக 1981-ன் 'வேர்ட் ஆஃப் மவுத்' தட்டில் 'த்ரீ வியூஸ் ஆஃப் எ சீக்ரெட்'. பெல்ஜியத்தின் டூட்ஸ் தீலமன்ஸ் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். ஜாகோ நல்ல இசையமைப்பாளர் என்பதற்கு இதுவே சாட்சி.

அவர் முடிவு சோகமானது. 1982-ல் மனநோய் என்று கண்டறியப்பட்டது. குடியும் சேர்ந்துகொண்டது. 1987 செப்டம்பரில் ஓர் இரவு விடுதி வாசலில் தாக்கப்பட்டு, செப்டம்பர் 21 அன்று மருத்துவமனையில் இறந்தார். வயது 35. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் ஒவ்வொரு ஸ்வரத்திலும் சாவைத் தேடுவோம். 'ஹெஜிரா'வில் வாசித்தபோது அவருக்கு 24 வயது. அந்த வாசிப்பில் துயரம் இல்லை, விளையாட்டுத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் கேட்காமல் விட்டால் அவருக்கு இரண்டாவது முறை அநியாயம் செய்ததாகும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு யோசனை. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அடிஸ்வரம் பாதி கூட வராது. பேரப்பிள்ளைகளிடம் ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். முதுமையில் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளைத்தான். கீழ் ஒலிகள் பெரும்பாலும் பிறகும் கேட்கும். ஆக, எழுபது வயதில் தொடங்குவதற்குப் பாஸ் தோதான வாத்தியம். நாளுக்கு ஒரு பாட்டு போதும். கேட்டுவிட்டு எது பிடித்தது என்று சொல்லுங்கள்.