வேஷம் கட்டுவது நமக்குப் புதிதல்ல



என்னிடம் படித்து, இப்போது நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் போனில் கேட்டார்: "சார், எம் பையன் செல்போன் கேம்ல பொம்பளப்புள்ள உருவத்த வெச்சு ஆடறான். பேரையும் மாத்தி வெச்சிருக்கான். இதெல்லாம் எங்க போய் முடியும்?" பதில் போனில் சொல்லி முடிகிறதாக இல்லை. வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வரும்.

சேலம், நாமக்கல் சீமையில் மாரியம்மன் நோன்பு சாட்டினால் கூத்து வைப்பது பழைய வழக்கம். பகலில் ஏர் ஓட்டியவரும் தறி நெய்தவரும் ராத்திரி முகத்தில் அரிதாரம் பூசி, புஜக்கட்டையும் கிரீடமும் கட்டி, துரியோதனனாக வந்து நிற்பார்கள். முதலில் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்றே அந்தப் பாத்திரம் தன் பேரையும் பெருமையையும் பாடும். பிறகுதான் முகம் தெரியும். திரௌபதி வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். திரௌபதி துகில் உரியும்போது அழுத பெண்களுக்கு, சேலைக்குள் இருப்பது பக்கத்து ஊர் ஆண்பிள்ளை என்று நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அழுதார்கள்.

பிறகு பாய்ஸ் கம்பெனி நாடகங்கள் வந்தன. மீசை முளைக்காத பையன்களுக்கு ஸ்திரீபார்ட். சிவாஜி கணேசன் சிறுவனாக மேடையேறியது சீதை வேஷத்தில்தான். டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து, கடைசி வரை 'அவ்வை' சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். வேஷம் பேரோடு ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்குப் பெருமைதானே தவிர இழப்பில்லை.

நம் சேலத்துக்கே வருவோம். ஏற்காடு சாலையில் இன்னும் ஒரு நுழைவு வளைவு நிற்கிறதே, அது டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் மிச்சம். அங்கே தயாரான 'உத்தமபுத்திரன்' 1940இல் வெளிவந்தது. பி.யு. சின்னப்பா அதில் அண்ணன் தம்பி இரண்டு பேராகவும் நடித்தார். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் அது. ஒரே ஆள் ஒரே படத்தில் நல்லவனும் கெட்டவனுமாக இருக்கலாம் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியது நம் ஊர்.

இப்போது செல்போனுக்கு வருகிறேன். ஆட்டத்தில் நமக்குப் பதிலாக நிற்கும் உருவத்தை 'அவதார்' என்கிறார்கள். நம் 'அவதாரம்' என்ற சொல்தான் அது. 1985இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4' என்ற ஆட்டம் அதைக் கணினிக்குள் கொண்டுபோனது. பேர் வைப்பது, உடுப்பு போடுவது, பார்ப்பவர்கள் முன் ஆடுவது எல்லாமே கூத்தில் உள்ளவைதான். யூடியூபில் ஆடிக்கொண்டே கிண்டலும் கேலியுமாகப் பேசுகிறவர் கட்டியக்காரனின் வேலையைத்தான் செய்கிறார்.

ஆகவே பையன் பெண் உருவத்தில் ஆடுவது பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, பயந்து கட்டும் வேஷம். பல நாடுகளில் பெண்கள் ஆண் பெயர் வைத்துக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். குரல் தெரிந்தால் கேட்கக் கூடாத பேச்சையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. கூத்தில் ஆண் சேலை கட்டியது கலைக்காக. இங்கே பெண் தன்னை மறைத்துக்கொள்வது தற்காப்புக்காக. இரண்டும் வேஷம்தான், ஆனால் ஒன்றல்ல.

இரண்டு, கிரீடம் யாருடையது என்பது. கூத்தாடி கட்டும் கட்டை, ஜமாவின் பெட்டியில் இருக்கும். விடிந்ததும் கழற்றி வைப்பார், அடுத்த ஊரில் எடுத்துக் கட்டுவார். செல்போன் ஆட்டத்தில் 'ஸ்கின்' என்று காசு கொடுத்து வாங்கும் உடுப்பு அப்படியல்ல. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் அதில் போனது. பிள்ளைகள் பல மாதம் சேர்த்த பேர், உடுப்பு, தரவரிசை எல்லாம் கைவிட்டுப் போயின. 2021 ஜூலையில் அதே ஆட்டம் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஆனாலும் பெட்டிச் சாவி தங்களிடம் இல்லை என்பதைப் பிள்ளைகள் அன்று பார்த்துவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்கு விடியலும் கிடையாது. எப்போது கழற்றுவது என்று வீட்டில்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

நல்ல சேதி ஒன்றும் உண்டு. கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி அவிக்க வேண்டும், பிரியாணி செய்ய வேண்டும். தமிழ் பேசத் தயங்கும் மகன் கவினாகவும் ஓர் இடத்தில் ஆட வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், எங்கோ ஜப்பானிலோ பிரேசிலிலோ இருக்கும் ஒருவர் நம் அம்மா வேஷத்தைக் கட்டிக்கொண்டு இட்லித் தட்டை அடுக்குகிறார்!

அடுத்தவர் செய்துகொடுத்த கிரீடத்தைக் காசு கொடுத்துக் கட்டுவதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது. கிரீடம் செய்யவும் கற்க வேண்டும். என்னிடம் படித்தவர்களில் கணினி வேலையில் இருப்பவர்கள் பலர். நம் திரௌபதியும் துரியோதனனும் உங்களுக்காகத் திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் கட்டை கட்டி ஆடியவர்கள் யார், என்ன வேஷம் என்று கீழே எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டப் பெயரையும், அதை ஏன் வைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். திட்டாமல் கேட்டால் சொல்வார்கள்.