மணவாளக்குறிச்சி மணலும் மூலக்கூறு காந்தமும்

குகட்பள்ளியில் நெடுங்காலமாகப் பெயிண்ட், ஹார்டுவேர் வியாபாரம் செய்து வருகிறேன். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஆனாலும் விற்கிற சரக்கு எங்கிருந்து வந்தது என்று தோண்டித் துருவிப் பார்ப்பது என் பழக்கம். அப்படித் தேடப்போய்க் கிடைத்ததே இச்சிறு வரலாறு.

1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருக்கக் கண்டார். அம்மணல் இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையது. மோனசைட்டில் லாந்தனைடுகள் எனப்படும் அருமண் உலோகங்கள் உள்ளன. அவற்றுள் டிஸ்ப்ரோசியம் சொற்பமே. ஆனால் காந்த ஆய்வில் அதற்குத்தான் முதல் மரியாதை.

சாதாரணக் காந்தத்தில் கோடானுகோடி அணுக்கள் கூடி நின்று இழுக்கின்றன. ஒரே மூலக்கூறு தனித்துக் காந்தமாகுமா? ஆகும் என்று 1993-இல் 12 மாங்கனீசு அணுக்கள் கொண்ட சேர்மத்தில் இத்தாலிய அறிஞர்கள் காட்டினர். அதுவும் 4 கெல்வின் அளவிலான கடுங்குளிரில்! 2003-இல் ஜப்பானில் இஷிகாவா குழுவினர் ஒற்றை டெர்பியம் அயனியை இரண்டு தாலோசயனின் தட்டுகளுக்கு நடுவே வைத்து, அதுவும் காந்தமாவதைக் கண்டனர். என் கடை நீலப் பெயிண்டுக்கு நிறம் தருவதும், தாமிரம் சேர்ந்த இதே தாலோசயனின்தான்.

உலோகத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் மூலக்கூறுகளை ஈனிகள் என்பர். டிஸ்ப்ரோசியத்தின் எலக்ட்ரான் மேகம் அப்பளம்போலத் தட்டையானது. மேலும் கீழும் ஈனிகள் இறுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் தளர விட்டால் காந்தத் திசை எளிதில் புரளாது. 2011-இல் ரைன்ஹார்ட், லாங் இருவரும் இந்தச் சூத்திரத்தைத் தெளிவாக்கினர்.

2016-இல் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் முருகவேல், இராஜாராமன் குழுவினர் இவ்வழியில் ஒரு டிஸ்ப்ரோசியச் சேர்மம் செய்தார்கள். மேலும் கீழும் பாஸ்பரஸ் சேர்ந்த ஈனிகள், சுற்றிலும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள். காற்றுப் பட்டாலும் அது கெடாது. இத்துறையில் அது லேசுப்பட்ட காரியமல்ல. நம் ஐதராபாத்திலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன மையத்தின் இயக்குநராயிருந்த சந்திரசேகர் குழுவினரும் இத்தகைய லாந்தனைடு காந்தங்களை ஆய்ந்துள்ளனர்.

2018-இல் லேஃபீல்டு குழுவினர் 80 கெல்வினை எட்டினர். திரவ நைட்ரஜன் கொதிப்பது 77-இல். ஆகவே விலையுயர்ந்த திரவ ஹீலியம் இல்லாமலும் குளிர்விக்கலாம் என்றாயிற்று. 2025-இல் மான்செஸ்டர், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக அறிஞர்கள் 100 கெல்வினைத் தொட்டனர். அதுவும் மைனஸ் 173 டிகிரி. கடைக்கு விற்பனைக்கு வர இன்னும் வெகுதூரம் உண்டு.

2016, 2018, 2025 மூன்றிலும் உலோகம் ஒன்றே. மாறியதெல்லாம் பிடித்த கைகள்தான். நம் மணலின் மதிப்பை அன்று அயலார் சொல்லித் தெரிந்துகொண்டோம். இன்று அந்த ஆய்வில் நம்மவர் பெயரும் இருக்கிறது. வேதியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.